காஷ் கடலில் இறங்கப்போகும் இளையவர்களுக்கு

துருக்கியின் தென்கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் காஷ். கிரேக்கத் தீவான மெய்ஸ் எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும். மத்தியதரைக் கடலில் ஸ்கூபா டைவிங் போக ஆசைப்படும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். கேட்டு வரும் தம்பிகளும் தங்கைகளும் எந்த ஓட்டல், எந்தப் படகு என்றே கேட்கிறார்கள். அதெல்லாம் போன இடத்தில் கிடைத்துவிடும். நீருக்கடியில் வரும் ஆபத்துகளில் பல, வீட்டில் உட்கார்ந்து பயணத்துக்குத் தேதி குறிக்கும்போதே விதைக்கப்படுகின்றன. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

1. பயணத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். ஆழத்தில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவதுபோல, கரைந்த வாயு ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகிவிடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்கலாம் என்பது டைவிங் மருத்துவர்கள் வகுத்த வரம்பு. நீங்கள் முழுதாக ஒரு நாள் விடுங்கள்.

விமானத்தை எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள், மலையை மறந்துவிடுகிறார்கள். துருக்கி போகிறவர்கள் கப்படோக்கியாவில் பலூன் ஏறாமல் திரும்புவதில்லை. அங்குள்ள ஊர்களே கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. பலூன் அதற்கும் மேலே போகும். ஆகவே பலூன் முதலில், கடல் பிறகு. காஷிலிருந்து எல்மலி பீடபூமிக்கு ஏறும் மலைச்சாலைக்கும் இதே கணக்குதான். டைவ் முடிந்த நாளில் அந்தப் பக்கம் கார் எடுக்காதீர்கள். அந்தால்யா விமான நிலையத்துக்குத் திரும்பும்போது தெம்ரே, ஃபினிகே வழியாகப் போகும் சாலையையே பிடியுங்கள்.

2. சான்றிதழை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். 'ஓப்பன் வாட்டர்' பயிற்சிக்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். புதுச்சேரியிலோ அந்தமானிலோ அதை முடித்துவிட்டால், காஷில் இருக்கும் சில நாட்களைப் பாடத்தில் செலவழிக்க வேண்டாம். 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் தெரிய வேண்டும். இந்தச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். அதற்குக் கீழே என்ன அழகு இருந்தாலும் அது உங்களுக்கு இன்னும் உரியதல்ல.

3. மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை என எது இருந்தாலும் எழுதி, கிளம்பும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். படகில் ஏறிய பின் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

4. ஜூன், அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை போங்கள். ஆகஸ்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் ஊர் நிரம்பி வழியும். மே மாதத்தில் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தமான் நீருக்குப் பழகிய உடம்பு நடுங்கிப்போகும். குளிரில் மூச்சு வேகமாகும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். 5 மில்லிமீட்டர் வெட்சூட் கேளுங்கள். தடித்த வெட்சூட் உங்களை மேலே தூக்கும். கிழக்கு மத்தியதரைக் கடலின் உப்பும் நம் கடல்களைவிட அதிகம், அதுவும் தூக்கும். ஊரில் கட்டிய ஈயக்கட்டி அங்கே போதாது. முதல் நாள் கரையோரத்தில் எடையைச் சரிபார்த்த பிறகே ஆழத்துக்குப் போங்கள்.

5. பவளத்தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது வேறு கடல். செங்குத்தான பாறைச்சுவர்கள், பிளவுகள், பொசிடோனியா என்ற கடற்புல் படர்ந்த வெளிகள், பாறை நிழலில் களவா, கூட்டமாகச் சுழலும் சீலா, கொடுத்துவைத்திருந்தால் ஒரு கடலாமை. சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடலிலிருந்து வந்து பெருகிவிட்ட சிங்கமீனும் உண்டு. அதன் முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது. பாறை விளிம்பைக் கையால் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காஷின் பெருமை அதன் தெளிவு. நல்ல நாளில் 30 மீட்டர் தூரம் வரை பார்க்கலாம். புதியவரை ஏமாற்றுவதும் அதே தெளிவுதான். வெளிச்சம் குறையாததால் ஆழம் தெரியாது. பத்து மீட்டரில் இருப்பதாக நினைக்கும்போது இருபதைத் தாண்டியிருப்பீர்கள். கலங்கிய நீரில் பயம் உங்களைக் காக்கும். இங்கே கையிலுள்ள டைவ் கம்ப்யூட்டரைத் தவிர வேறு காவல் இல்லை, அதை அடிக்கடி பாருங்கள்.

6. உலுபுருன் கதையைப் படித்துவிட்டுப் போங்கள். காஷுக்குத் தென்கிழக்கே உள்ள அந்த முனையருகே, 1982-ல் மெஹ்மெத் சாகிர் என்ற கடற்பஞ்சு குளிப்பவர், காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் கடலடியில் கிடப்பதாக வந்து சொன்னார். அவை செம்புப் பாளங்கள். 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய வணிகக் கப்பலில் சுமார் பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. 1984 முதல் 1994 வரை, ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் வழிநடத்திய அகழாய்வில் 22,000-க்கும் மேற்பட்ட டைவ்கள் நடந்தன. கப்பல் கிடந்தது 44 மீட்டருக்கும் கீழே. ஆகவே ஒருவருக்கு நாளைக்கு இரண்டு டைவ், ஒவ்வொன்றிலும் அடியில் ஏறத்தாழ இருபது நிமிடம், அவ்வளவுதான். உலகமே காத்திருந்த புதையல் காலடியில் கிடந்தும், மணி பார்த்து மேலே வந்துவிட்டு மறுநாள் மறுபடி போனார்கள். பதினோரு ஆண்டு அப்படியே நடந்தது. இந்தப் பொறுமையைத்தான் நீங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கப்பலின் மாதிரி ஒன்றைக் கட்டி, காஷ் அருகே டைவர்கள் பார்ப்பதற்கென்றே மூழ்கடித்திருக்கிறார்கள். உண்மையான பொருட்கள் போத்ரும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடலடியில் உடைந்த பானை ஓடு கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு நகருங்கள். அதை எடுத்துவருவது துருக்கிச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். மூழ்கிய நகரம் இருக்கும் கெகோவாவில் அந்தச் சிதைவுகளின் மேல் டைவ் செய்யவே அனுமதியில்லை. படகில் போய்ப் பார்க்கலாம்.

7. டைவ் கடையைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அவசரம் என்றால் அழுத்த அறை உள்ள எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? தயங்காமல் பதில் வர வேண்டும். உங்கள் சான்றிதழைக் கேட்காமலே பணத்தை வாங்கும் கடையாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங்கை விலக்கியிருப்பார்கள், அதையும் படித்துப்பாருங்கள்.

8. மெய்ஸ் தீவு அரை மணிப் படகுத் தூரம்தான், ஆனால் அது கிரேக்கம். ஷெங்கன் விசா இல்லாமல் போக முடியாது.

9. நீருக்குள் மூச்சை அடக்காதீர்கள், ஒருபோதும். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும்; வெளியே விடாவிட்டால் நுரையீரலைக் கிழித்துவிடும். காதை வலி வருமுன் சமன்செய்யுங்கள். வலித்தால் கொஞ்சம் மேலே வாருங்கள். சளி பிடித்திருந்தால் அன்று கரைதான். சிலிண்டரில் 50 பார் மீதியிருக்கும்போதே நீர்மட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள்.

10. கூட வரும் துணையோடு கிளம்பும் முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இருவரில் யார், எப்போது, எந்தக் காரணமும் சொல்லாமல் 'இன்று வேண்டாம்' என்றாலும் மற்றவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. கட்டிய பணம் போனால் போகட்டும். உடையோடு படகு ஓரத்தில் உட்கார்ந்துவிட்ட பிறகும் இது செல்லும். இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காதவரோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.