குறைந்த விலை, நிறைந்த ஒலி

நுழையும்முன்

ஆடை வாங்கும்போது துணியின் தன்மை, தையலின் உறுதி, உடலுக்குப் பொருந்தும் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறோம். நாள்தோறும் செவியில் அணியும் இயர்போனை மட்டும் பெட்டியின் பளபளப்பைக் கண்டு வாங்கிவிடுகிறோம். சிறிய தொகையிலும் நல்ல இயர்போனைத் தேர்ந்தெடுக்க இயலும். அதற்குப் பணத்தைவிடச் செவியைப் பற்றிய அறிவே முதன்மையாக வேண்டப்படுகிறது. அவ்வறிவை எளிய கணக்குகளின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

கையடக்க இசை

இசை கேட்கக் கோவில் திருவிழாவையும் நாடகக் கொட்டகையையும் நாடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் போன்றோர், ஒலிபெருக்கியின் துணையின்றியே அரங்கின் கடைசி வரிசை வரை தம் குரலைக் கொண்டுசென்றனர். பின்னர் இசைத்தட்டும் வானொலியும் இசையை வீட்டிற்குள் கொண்டுவந்தன. 1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001ஆம் ஆண்டு 'ஐபாட்' வந்தது. இன்று திறன்பேசியே இசைக்கருவியாகவும் விளங்குகிறது.

கருவிகள் மாறினும் அவை அனைத்திற்கும் பொதுவான இறுதிக் கண்ணி ஒன்று உண்டு. அதுவே இயர்போன். பாடல் எத்துணை நேர்த்தியாகப் பதிவு செய்யப்பட்டிருப்பினும், அது செவியை அடைவது இச்சிறு பொறியின் வழியாகத்தான். எனவே, கையிலுள்ள இசைக்கருவியை மாற்றாமல் இயர்போனை மட்டும் மாற்றினாலே கேட்கும் இன்பம் பெரிதும் கூடும்.

இரைச்சல் சூழ்ந்த வாழ்க்கை

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த தொன்மையான ஊர் தாராபுரம். 2009ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தில் இவ்வூர் இன்று இடம்பெற்றுள்ளது. இம்மாவட்டத்தின் வாழ்க்கை நூலோடும் துணியோடும் பின்னப்பட்டது. நூற்பாலைகளில் கதிர்கள் சுழலும் ஒலி, பல்லடம் வட்டாரத்து விசைத்தறிகளில் நாடா இருபுறமும் மோதும் ஒலி, பின்னலாடைக் கூடங்களில் தையல் இயந்திரங்களின் ஒலி, இவற்றோடு சாலையில் ஒலிப்பான்களின் ஓசை என நாள் முழுதும் இரைச்சல் நம்மைச் சூழ்ந்திருக்கிறது.

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வகுத்த வரம்பு. விசைத்தறிக் கூடத்தின் ஒலியோ 90 டெசிபலைக் கடப்பதுண்டு. ஓடும் பேருந்தினுள்ளும் 80 டெசிபல் அளவிற்கு இரைச்சல் இருத்தல் கூடும். இத்தகைய இடத்தில் பாட்டுக் கேட்பவர் இயல்பாகவே ஒலியைக் கூட்டுகிறார். இரைச்சலை வெல்ல அதனினும் உரத்த ஒலியைச் செவிக்குள் செலுத்துகிறார். தீங்கு தொடங்கும் இடம் இதுவே.

செவியின் கணக்கு

ஒலியலைகள் செவிப்பறையை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வு மூன்று சிற்றெலும்புகளின் வழியாக உட்செவியிலுள்ள நத்தை வடிவ உறுப்பை அடைகிறது. அங்கே ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் அதிர்வை உணர்ந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. உரத்த ஒலியை நெடுநேரம் கேட்டால் இச்செல்கள் சிதைகின்றன. மனிதர்க்கு இவை மீண்டும் வளர்வதில்லை. தலைமயிர் உதிர்ந்தால் முளைக்கலாம். செவியின் நுண்மயிர்ச் செல் அழிந்தால் அழிந்ததே.

80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்துள்ளது. ஒலி 3 டெசிபல் கூடினால் செவியைத் தாக்கும் ஆற்றல் இருமடங்காகிறது. ஆதலால் கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறைகிறது. இக்கணக்கின்படி 90 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 4 மணி நேரமும், 100 டெசிபல் ஒலியை வெறும் 20 நிமிடங்களும் மட்டுமே கேட்கலாம்.

தாராபுரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூருக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். போக ஒரு மணி, வர ஒரு மணி எனக் குறைவாகவே கொள்வோம். இரைச்சலை மீறி 90 டெசிபலில் பாட்டுக் கேட்டால், ஒரு வாரத்திற்குரிய 4 மணி நேரம் இரண்டாம் நாளிலேயே தீர்ந்துவிடும். அவரே செவித்துளையை நன்கு அடைக்கும் இயர்போனை அணிந்தால், வெளி இரைச்சல் 15 டெசிபல் அளவிற்குக் குறைந்து 65 ஆகும். 75 டெசிபலில் வைத்தாலே பாடல் தெளிவாகக் கேட்கும். வாரம் முழுதும் பயணம் செய்தாலும் வரம்பைத் தொடாது. இரைச்சலை ஒலியால் வெல்வதைவிட, அடைப்பால் தடுப்பதே அறிவுடைமை. இயர்போன் தேர்வின் முதல் விதி இதுவாகும்.

இயர்போன் இயங்கும் முறை

இயர்போனுக்குள் ஒரு சிறு காந்தமும், மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும், அச்சுருளோடு ஒட்டிய அதிர்படலமும் உள்ளன. மின்னோட்டம் சுருளில் பாயும்போது காந்தம் அதனை ஈர்த்தும் விலக்கியும் அசைக்கிறது. அதனால் படலம் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. விலை குறைந்த இயர்போன்கள் பலவற்றின் அதிர்படலம் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த நெகிழித்தாளால் ஆனது. பாலியெஸ்டர் நூலாக ஆடையில் நாம் அணியும் அதே வேதிப்பொருள், மெல்லிய தாளாகிச் செவியில் பாடுகிறது.

இயர்போனில் இருவகை உண்டு. ஒன்று, செவிமடலின் குழிவில் தளர்வாக அமர்வது. இது வெளி ஒலியைத் தடுப்பதில்லை. மற்றொன்று, மென்மையான சிலிக்கோன் முனையோ மெத்து முனையோ கொண்டு செவித்துளையை அடைப்பது. அடைப்பில் சிறு இடைவெளி இருப்பினும் தாழ்ந்த ஒலிகள் கசிந்து மறைந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி கேட்கவில்லை என்று வருந்துவோர் பலரின் குறை, இயர்போனில் இல்லை. பொருந்தாத முனையில் உள்ளது. பெட்டியிலுள்ள சிறிய, நடுத்தர, பெரிய முனைகள் மூன்றையும் அணிந்து பார்த்தல் வேண்டும். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படலாம்.

தெரிந்து தெளிவோம்

வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விடுதலை வீரரின் மகன் அமர் கோபால் போஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கியவர். 1978ஆம் ஆண்டு விமானப் பயணத்தில் இயந்திர இரைச்சல் இசையை மறைப்பதை உணர்ந்த அவர், இரைச்சலுக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதனை நீக்கும் வழியைச் சிந்தித்தார். அதன் பயனாக 1989ஆம் ஆண்டு விமானிகளுக்கான இரைச்சல் நீக்கும் ஹெட்போன் விற்பனைக்கு வந்தது.

பெட்டியில் காணும் எண்கள்

இயர்போன் பெட்டியில் பல எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் பயன் தருவன சிலவே.

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது மனிதச் செவி கேட்கும் எல்லை. ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் இது காணப்படும். அவ்வெல்லைக்குள் எந்த ஒலி மிகுந்தும் எந்த ஒலி குன்றியும் கேட்கும் என்பதை இவ்வெண் கூறாது. அதிர்படலத்தின் விட்டமும் தரத்தை உறுதி செய்யாது.

மின்னெதிர்ப்பு 'ஓம்' என்னும் அலகால் குறிக்கப்படும். கையடக்கக் கருவிகள் சிறிதளவு ஆற்றலையே தரவல்லன. ஆகவே 16 முதல் 32 ஓம் வரையுள்ள இயர்போன்கள் அவற்றிற்கு ஏற்றவை. உணர்திறன் என்பது ஒரு மில்லிவாட் மின்னாற்றலுக்கு எத்தனை டெசிபல் ஒலி பிறக்கும் என்பதைக் காட்டும். 100 டெசிபல் அளவில் இருந்தால் கையடக்கக் கருவிக்குப் போதுமானது. இவ்வெண் ஒலியின் உரப்பைக் காட்டுமேயன்றி இனிமையைக் காட்டாது.

துணிக்கடையில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எண், துணியின் கனத்தைச் சொல்லும். அது மேனிக்கு இதமாக இருக்குமா என்பதைத் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும். இயர்போனும் அத்தகையதே.

கம்பியா, கம்பியின்மையா?

ஒரே விலையில் கம்பியுள்ள இயர்போனும் கம்பியில்லாத இயர்போனும் கிடைக்கின்றன. கம்பியில்லாததன் விலையில் மின்கலம், புளூடூத் சில்லு, மின்னேற்றப் பெட்டி ஆகியவற்றின் செலவும் அடங்கும். கம்பியுள்ளதில் அத்தொகை அதிர்படலம், காந்தம், உறை ஆகியவற்றிற்கே செல்லும். எனவே சிறு தொகையில் ஒலித்தரமே நோக்கமெனின் கம்பியுள்ளதே சிக்கனம். மேலும், கம்பியில்லாக் கருவியின் சிறு மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும். அதனை மாற்றுதல் பெரும்பாலும் அரிது. ஓடியாடிப் பயன்படுத்துவோர்க்குக் கம்பியின்மை வசதியே. எனினும் அவ்வசதிக்கு ஒரு விலை உண்டு என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

கம்பியுள்ளதை வாங்குமுன் தம் கருவியில் 3.5 மில்லிமீட்டர் துளை உள்ளதா, யுஎஸ்பி-சி துளை மட்டும் உள்ளதா என்று பார்த்தல் தேவை. கம்பி அறுவது பெரும்பாலும் செருகியின் கழுத்திலும், இரண்டாகப் பிரியும் இடத்திலும்தான். அவ்விடங்களில் தடித்த இரப்பர் உறை உள்ளதா என நோக்க வேண்டும். நூலால் பின்னப்பட்ட மேலுறை சிக்கலைக் குறைக்கும். ஆனால் அது சட்டையில் உரசும்போது எழும் ஓசை செவியில் கேட்கக்கூடும். நடந்து பார்த்தே வாங்குதல் நன்று.

கேட்டுத் தேர்தல்

நன்கு பழகிய பாடல் ஒன்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும். பழந்தமிழர் இசையை மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலைகளாகப் பகுத்தனர். அவ்வாறே தாழ்ந்த ஒலி, இடையொலி, உயர்ந்த ஒலி என மூன்றையும் தனித்தனியே கூர்ந்து கேட்டல் வேண்டும். தவிலின் தாழ்ந்த முழக்கம் வெறும் அதிர்வாகக் குழம்பாமல் ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்கிறதா? பாடுவோரின் சொற்கள் தெளிவாக உள்ளனவா? தாளக் கருவியின் ஒலி செவியைக் குத்தாமல் ஒலிக்கிறதா? மூன்றும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலிப்பதே நல்ல இயர்போன். 'மிகை முழக்கம்' என விளம்பரம் செய்யப்படுவன பல, குரலை மூடி மறைப்பவை.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்குமாறு அமைத்தல் இன்றியமையாதது. சற்று உரக்க ஒலிப்பதே இனிமையானதெனச் செவி மயங்கும். இம்மயக்கத்தால் தரம் குறைந்ததைத் தேர்ந்தோர் பலர்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

கம்பியில்லா இயர்போனில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி இருத்தல் வேண்டும். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிகள் உலவுவதால் விலைச்சீட்டும் உத்தரவாத அட்டையும் பெறுதல் கடமை. குறையுள்ள பொருளை மாற்றித்தர மறுத்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

புதியது வாங்குமுன் பழையதைச் சோதித்தலும் சிக்கனமே. வலைமுகப்பில் அடைந்த செவிமெழுகைத் துடைத்தாலோ, தேய்ந்த முனையை மட்டும் மாற்றினாலோ இழந்த ஒலி மீளக்கூடும். ஒருவர் அணிந்ததை மற்றொருவர் அணிதல் செவித்தொற்றுக்கு வழிவகுக்கும்.

அடைக்கும் இயர்போனுடன் சாலையைக் கடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் ஆபத்தானவை. இயந்திரக் கூடத்தில் இயர்போன் பாதுகாப்புக் கருவி ஆகாது. அங்கே அணியத்தக்கது செவியடைப்பானே. பாட்டை நிறுத்திய பின்னும் செவியில் ரீங்காரம் நீடித்தால் அது எச்சரிக்கை. தாமதியாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர், பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் கேள்திறனை இழக்கும் இடரில் உள்ளனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. திருக்குறள் செவியால் பெறும் கல்விக்குக் 'கேள்வி' எனத் தனி அதிகாரமே வகுத்தது. வகுப்பறையில் ஆசிரியரின் சொல்லும், வீட்டில் தாயின் அழைப்பும், பண்டிகை நாளில் உறுமியின் உறுமலும் முதுமை வரை தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவி அன்று. செவிக்குப் பொருந்தி, குறைந்த உரப்பிலேயே நிறைவளிக்கும் கருவியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீடு, வகுப்பறை, பேருந்து நிலையம் ஆகிய இடங்களின் ஒலியளவைத் திறன்பேசிச் செயலியால் அளந்து அட்டவணைப்படுத்துக.

2. செவியைக் காக்கும் வழிகள் குறித்து முழக்கத் தொடர்கள் எழுதி, உலகச் செவித்திறன் நாளான மார்ச் 3 அன்று வகுப்பில் காட்சிப்படுத்துக.

குறுவினா

1. இயர்போன் தேர்வின் முதல் விதியாகப் பாடம் கூறுவது யாது?

2. மின்னெதிர்ப்பு, உணர்திறன் – குறிப்பு வரைக.

சிறுவினா

1. ஒலி 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரம் பாதியாவது ஏன்?

2. சிறு தொகையில் கம்பியுள்ள இயர்போன் சிக்கனமானது என்பதைக் காரணத்துடன் நிறுவுக.

நெடுவினா

இரைச்சல் மிகுந்த தொழில் நகரில் வாழும் மாணவர் ஒருவர் குறைந்த செலவில் நல்ல இயர்போனைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பாடக் கருத்துகளின் துணையுடன் கட்டுரையாக வரைக.