ரவுண்டானாவில் முதலில் வலது கைப்பக்கம் பாருங்கள்

எங்களுக்கு ஒத்தக்கடையில் வீடு. ஆஸ்பத்திரி, துணிக்கடை, கல்யாண மண்டபம் என்று எதற்கும் மேலூர் ரோட்டைப் பிடித்துத்தான் மதுரைக்குள் போயாக வேண்டும். நரசிங்கம், திருமோகூர் பக்கம் திரும்புகிற எங்கள் ஊர் நெரிசல் பழகிப்போன ஒன்று. ஹைகோர்ட், மாட்டுத்தாவணி எல்லாம் தாண்டி கே.கே. நகர் ரவுண்டானா வரும்போதுதான் புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கை நடுங்கும். என் மகளுக்கும் நடுங்கியது. லைசென்ஸ் எடுத்த கையோடு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை இவை. சொல்லிக்கொடுக்கும்போது நான் திருத்திக்கொண்டவையும் இதில் உண்டு.

1. வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். இது வெறும் நாகரிகம் இல்லை, சட்டம். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால் வட்டத்தைக் கடிகார முள் போலச் சுற்றுகிறோம்; உள்ளே இருக்கிற வண்டி எப்போதும் நமக்கு வலது கைப்பக்கமிருந்துதான் வரும். ஆகவே நுழைவாயிலில் வேகத்தைக் குறைத்து வலது பக்கம் பாருங்கள். இடைவெளி இருந்தால் நுழையுங்கள், இல்லையென்றால் நில்லுங்கள்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் நுழைகிறவர்கள் முண்டியடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். புதிதாக வருகிறவர் வழியை அடைத்தால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது. அவர் வெளியேறாமல் அடுத்தவருக்கு இடம் கிடைக்காது. மொத்த வட்டமும் பூட்டிக்கொள்ளும். 1966-இல் வலது பக்கத்து வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று அங்கே விதி கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறந்தது. சாயங்காலம் நம் ஊர் வட்டங்கள் பூட்டிக்கொள்வதற்கும் காரணம் இதுவேதான்.

2. எந்த ரோட்டில் வெளியேறப் போகிறோம் என்பதை வட்டத்துக்கு 100 மீட்டர் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இடது பக்கம் திரும்புகிறவர்கள் இடது தடத்தில் வர வேண்டும். வலது பக்கமோ, வந்த வழியே திரும்பவோ போகிறவர்கள் வலது தடம். நேராகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இடது தடமே சரி. போர்டோ அம்புக்குறியோ வேறு மாதிரி சொன்னால் அதன்படி போங்கள். ரோட்டில் கோடு அழிந்திருந்தாலும் மனதில் கோடு இருக்கட்டும்.

நாலு ரோடு சந்திக்கிற சாதாரண முக்கில் வண்டிகள் உரசிக்கொள்ளக்கூடிய இடங்கள் 32 என்று சாலைப் பொறியாளர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒரே தடம் உள்ள ரவுண்டானாவில் அது 8 ஆகிவிடும். தடங்கள் கூடும்போது அந்த எண்ணிக்கை மறுபடி ஏறுகிறது. வட்டத்துக்குள் போய்த் தடம் மாறுகிறவர்களால் அது இன்னும் மோசமாகிறது.

3. டூவீலர்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஓரமாகப் போனால் பத்திரம் என்று இடது விளிம்பை ஒட்டியே முழு வட்டமும் சுற்றாதீர்கள். வெளியேறுகிற ஒவ்வொரு வண்டியும் உங்கள் குறுக்கே வெட்டித்தான் போகும். நீங்கள் வலது பக்கம் போக வேண்டியவர் என்றால் உள் தடத்தில் தைரியமாகச் சுற்றி, வெளியேறும் வாய் நெருங்கும்போது இடது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பியும் பார்த்து வெளியே வாருங்கள். அவ்வளவு வண்டிகளுக்கு நடுவே போக மனம் வரவில்லையென்றால் வட்டத்துக்கு முன்பே ஓரமாக இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்துவிடலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

4. நேராகப் போகிறோம் என்று காட்ட நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காருக்குப் பக்கவாட்டில் வருகிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதாகவே அவர் நினைப்பார். நேராகப் போகும்போது நுழைவில் எந்த இண்டிகேட்டரும் வேண்டாம். நீங்கள் வெளியேறும் ரோட்டுக்கு முந்தின ரோட்டின் வாயைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போட்டால் போதும்.

5. பஸ்ஸுக்கும் லாரிக்கும் பக்கத்தில் சுற்றாதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். மகளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போனபோது, சுற்றிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்கும் நடுத்திட்டுக்கும் இடையே இடம் நிறைய இருப்பதாகத் தெரிந்தது. உள்ளே நுழைந்தேன். பஸ்ஸின் முன்சக்கரம் எங்களைத் தாண்டிப் போனது. பின்சக்கரம் அதே வழியில் வரவில்லை. திட்டை நோக்கி, எங்களை நோக்கி, சரிந்துகொண்டே வந்தது. மகள் கையால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினாள். நான் பிரேக் போட்டதில் வண்டி திட்டில் இடித்து நின்றது, பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்த டயரின் அழுக்குப் பிடித்த நட்டுகள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

நீளமான வண்டி வளையும்போது பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிட உள்பக்கமாக வெட்டும். வட்டத்தைச் சுற்றும்போது அது வலது பக்கம் வெட்டும். இடது பக்கம் வெளியேறும்போது இடது பக்கம் வெட்டும். இரண்டு பக்கமும் ஆபத்துதான். பின்னாலேயே போங்கள், அதுவும் டிரைவரின் கண்ணாடி உங்களுக்குத் தெரிகிற தூரத்தில்.

6. வாயைத் தவறவிட்டால் பதறி வெட்டாதீர்கள், பின்னால் எடுக்கவும் வேண்டாம். இன்னொரு சுற்று சுற்றி வாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

7. வட்டத்துக்குள் ஆள் ஏற்றவோ, போன் எடுக்கவோ, வழி கேட்கவோ நிற்கக் கூடாது. ஷேர் ஆட்டோவில் போகிறவர்களும் "இங்கேயே இறங்கிக்கிறேண்ணே" என்று வட்டத்து வாயில் நிறுத்தச் சொல்லாதீர்கள். கொஞ்சம் தள்ளி இறங்கி நடந்து வரலாம்.

8. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளைப் பாருங்கள். பல வண்டிகளில் பின் விளக்கும் இண்டிகேட்டரும் மூட்டைக்குள் மறைந்திருக்கும். ஓட்டுகிறவர் திரும்பப் போவது பின்னால் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. சரக்கு ஏற்றுகிறவர்கள் மூட்டையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினாலே விளக்கு தெரியும். திரும்பும்போது கையையும் காட்டுங்கள். முகூர்த்த நாள் விடியற்காலையில் இந்த வண்டிகள் அதிகம். அந்த நேரம் இடைவெளி விட்டுப் போங்கள்.

9. நடந்து கடப்பவர்கள் நிற்கும் இடம் நுழைவாயிலும் வெளிவாயிலும்தான். நாம் வலது பக்கமே பார்த்துக்கொண்டு நுழையும்போது இடது பக்கம் இறங்கி நடக்கிற பாட்டி கண்ணில் படமாட்டார். ஆக்ஸிலேட்டரைத் திருகும் முன் ஒருமுறை நேரே பாருங்கள்.

10. போலீஸ்காரர் கை காட்டினால் மேலே சொன்ன வரிசையெல்லாம் அப்புறம்தான். 108 ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், நீங்கள் வட்டத்துக்கு வெளியே இருந்தால் அங்கேயே ஓரம் ஒதுங்குங்கள். உள்ளே இருந்தால் நிற்காமல் உங்கள் வாய் வழியே வெளியேறிப் பிறகு ஒதுங்குங்கள். வழி விடாதவர்களுக்கு 2019 சட்டத் திருத்தத்தில் 10,000 ரூபாய் அபராதம் இருக்கிறது.

11. வண்டியை எடுக்கும் முன் வீட்டு வாசலில் பழகுங்கள். சாயங்காலம் வாசல் காய்ந்திருக்கும்போது கோலமாவால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதற்குள் இன்னொரு வட்டம் போடுங்கள். நடுவில் ஒரு செம்பை வைத்து, நாலு பக்கமும் ரோடு இழுங்கள். ஒரு பிள்ளை பஸ், ஒரு பிள்ளை ஸ்கூட்டர், நீங்கள் கார். நடந்தே சுற்றுங்கள், நுழையும்போது வலது பக்கம் பார்க்காதவர் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். நாங்கள் மூன்று சாயங்காலம் இப்படிச் சுற்றினோம். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, ரோடு காலியாக இருந்தபோது, மகள் கே.கே. நகர் வட்டத்தை ஸ்கூட்டரில் ஐந்து தடவை சுற்றினாள். பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.