எளிய விலையில் ஒலிவாங்கி: வாங்குவதும் திருத்துவதும்

வீட்டிலேயே ஒரு குரலைத் தெளிவாகப் பதிவு செய்ய எவ்வளவு செலவாகும்? கழக நண்பர்கள் சிலர் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது. கண்டென்சர் ஒலிவாங்கி என்றாலே பல்லாயிரம் ரிங்கிட் என்று எண்ணித் தயங்குவோர் ஒருபுறம். இணையக் கடையில் ஐம்பது ரிங்கிட்டுக்கு ஒன்றை வாங்கி ஏமாறுவோர் மறுபுறம். எனக்கு இத்துறையில் பட்டயம் ஏதும் இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் உள்ள எங்கள் வரிசை வீட்டில் என் பாட்டியின் பாடல்களைப் பதிவு செய்ய முயன்றபோது கற்றவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன். பாட்டிக்கு வயது 81. பால்மரம் வெட்டிய காலத்தில் பாடிய பாடல்களும் தாலாட்டுகளும் அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் குரலோ ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து வருகிறது.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். கண்டென்சர் ஒலிவாங்கியை 1916-இல் அமெரிக்காவில் இ.சி. வெண்ட்டி என்பவர் உருவாக்கினார். மயிரிழையைவிட மெல்லிய ஒரு சவ்வு, அதன் பின்னே ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி. (இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படித்ததால் எனக்குக் ‘காப்பாசித்தோர்’, ‘பெரிந்தாங்’ என்ற சொற்களே முதலில் தெரியும். மின்தேக்கி, மின்தடை என்பவற்றை இக்கட்டுரைக்காகத்தான் பழகிக்கொண்டேன்.) குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி மாறுகிறது, அம்மாற்றமே மின்குறிப்பாகிறது. சவ்வு மிக இலேசானது என்பதால் மெல்லிய ஒலியும் தப்பாது. மேடைகளில் நாம் பார்க்கும் ஷூர் எஸ்.எம்.58 டைனமிக் வகை. ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்திற்கு அது 1.85 மில்லிவோல்ட் தருகிறது. அதே அழுத்தத்திற்கு ஆடியோ டெக்னிக்கா ஏ.டி.2020 என்னும் கண்டென்சர் 14.1 மில்லிவோல்ட் தருகிறது. ஏறத்தாழ ஏழரை மடங்கு! மெலிந்த குரலுக்குக் கண்டென்சரை நாடுவது இதனால்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 48 வோல்ட் மின்சாரம். உண்மையான ஒலிப்பதிவுக் கண்டென்சர்கள் பெரும்பாலும் இதைக் கேட்கும். ஒலிவாங்கிக் கம்பி வழியாகவே இம்மின்சாரத்தை ஊட்டும் ஆடியோ இண்டர்ஃபேஸ் நமக்குத் தேவை. நான் நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்றேன். கைத்தொலைபேசித் துளையில் நேராகச் செருகலாம் என்று விற்கப்படும் பெரிய உருளைகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய எலெக்ட்ரெட் துண்டு ஒன்றுதான் இருக்கும். எலெக்ட்ரெட் என்பதே மட்டம் என்று சொல்லவில்லை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் கண்ட அம்முறை சிறந்த முறை. மேலே சொன்ன ஏ.டி.2020-உம் அவ்வகையே. அதில் எவ்வளவு கவனம் செலுத்தப்பட்டது என்பதே கேள்வி.

மற்றொன்று, கருவியின் சொந்த இரைச்சல். ஏ.டி.2020-க்கு 20 டெசிபல், ரோட் என்.டி.1-ஏ-க்கு 5 டெசிபல். இந்த எண்ணையே குறிப்பிடாத பெட்டியை நான் வாங்கமாட்டேன்.

என் கையில் இருந்தது 300 ரிங்கிட். சீனத் தயாரிப்பான பழைய ஒலிவாங்கி ஒன்றை 180 ரிங்கிட்டுக்குப் பெற்றேன். அதில் பாட்டியின் குரல் கேட்டது. ஆனால் சகரம் வரும் இடமெல்லாம் காதைக் குத்தியது. ஏன்? நாய்மன் நிறுவனம் 1960-இல் யு 67 என்ற ஒலிவாங்கிக்காக கே 67 என்னும் சவ்வுப் பகுதியை அமைத்தது. அது மேல்சுரங்களைச் சற்று மிகையாகவே எழுப்பும். அம்மிகையை உள்ளிருக்கும் மின்சுற்று குறைத்துவிடும். மலிவுப் பதிப்புகள் பலவற்றில் சவ்வைப் பார்த்துச் செய்தவர்கள் அந்தத் திருத்தச் சுற்றைச் செய்யவில்லை. பாதிச் சமையலைப் பரிமாறிய கதைதான்.

இத்தகைய சுற்றுகள் பலவற்றில், ஃபெட் எனப்படும் டிரான்சிஸ்டரின் டிரெயின், சோர்ஸ் முனைகளுக்கு இடையே ஒரு சிறு மின்தேக்கியைப் பற்றவைத்தால் மேல்சுரம் தணியும். எந்த அளவு என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். சிறியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். அடுத்து, குரல் செல்லும் வழியில் இருந்த மட்டமான செராமிக் மின்தேக்கிகளை எடுத்துவிட்டு ஃபிலிம் வகையை வைத்தேன். உதிரிப்பாகங்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பசாரையும் சிங்கப்பூர் சிம் லிம் டவரையும் மிஞ்ச இடமில்லை. எல்லாம் சேர்த்து இருபது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. வலைக்கூட்டின் உள்ளடுக்கை வெட்டி எடுப்போரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பகரத்தின் காற்று நேராகச் சவ்வில் மோதுகிறது. ஓர் எச்சரிக்கை: இத்தகைய சாதாரண ஒலிவாங்கியைக் கம்பியைக் கழற்றிவிட்டுத் திறக்கலாம். வால்வு ஒலிவாங்கிகளில் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், தொடவே வேண்டாம்.

திருத்தம் பலித்ததா என்று அறியத் தமிழிலேயே நல்ல சோதனை இருக்கிறது. வலி, வளி, வழி, அரம், அறம், பனி, பணி. பாட்டியை முறை மாற்றிச் சொல்லச் சொல்லி, பதிவைத் தங்கையிடம் கேட்கக் கொடுத்து எழுதச் சொன்னேன். பாட்டியின் ழகரம் அப்பழுக்கற்றது. நம் தலைமுறைதான் அதை ளகரமாக்கிவிட்டது. எனவே தங்கை தவறாக எழுதினால் குற்றம் பதிவில் இருக்க வேண்டும். முதல் பதிவில் ஆறு தவறுகள். திருத்தத்திற்குப் பின் நான்கு.

மிச்சமிருந்த நான்கையும் போக்கியது மின்தேக்கி அன்று, மெத்தை! பளிங்குத்தரை, வெறுஞ்சுவர் கொண்ட நம் வீடுகளில் குரல் மோதி மோதித் திரும்புகிறது. கண்டென்சர் அதையும் விடாமல் கேட்கும். மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி, சேலை அலமாரியைத் திறந்து வைத்து, பாட்டியை அதற்கு முதுகு காட்டி அமர்த்தினேன். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தேன். கார்டியாயிட் வகைக்குப் பின்புறம் காது மந்தம். அப்புறத்தைச் சன்னல் பக்கம் திருப்பினால் மோட்டார் சைக்கிள் சத்தம் பாதி அடங்கும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். ஆகவே, 300 ரிங்கிட் வைத்திருப்பவர் முதலில் அறையைச் சீர்செய்துவிட்டுப் பிறகே கடைக்குப் போகலாம்.

நம் ஜொகூர் வானிலைக்கு உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஒலிவாங்கியினுள் நூறு கோடி ஓம் அளவிலான மின்தடை இருக்கும். காற்றின் ஈரம் அதன்மேல் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு, பொரிகடலை வெடிப்பது போல் சத்தம் வரும். கைரேகை படிந்தாலும் இதே கதி. பயன்படுத்தியதும் மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்துவிடுங்கள்.

ஒரு பாடல் மட்டும் அறைக்குள் பதிவாகவில்லை. ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக்கூடாது என்று பாட்டி உறுதியாக மறுத்துவிட்டார். காலை ஆறரை மணிக்குப் பக்கத்துப் பூங்காவின் கொட்டகைக்குச் சென்றோம். வெட்டவெளியில் எதிரொலி இல்லை, காற்றுதான் எதிரி. நுரையுறை போட்டு, பாட்டியின் துண்டைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டேன். பறவைச் சத்தம் பதிவில் இருக்கிறது. அதை நான் நீக்கவில்லை.

பதிவுக்கு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளே போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். அழும் இடத்தில் குரல் திடீரென்று உயரும். எம்.பி.3-ஆக மாற்றுவது பிறருக்கு அனுப்ப மட்டும். பாடுபவர் தம் பெயர், தோட்டத்தின் பெயர், அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதைப் பாட்டுக்கு முன்பே சொல்லட்டும். தாளில் எழுதி வைத்தால் தாள் தொலையும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எங்கள் பிரதி மாசாயில் அத்தை வீட்டில் இருக்கிறது.