பூ உதிராதிருக்க ஒரு தெளிப்பு

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட தங்கவயலில், பாலகாட் உள்ளிட்ட பகுதிகளைச் சுற்றியுள்ள உழவு மழையையும் ஏரியையும் ஆழ்துளைக் கிணற்றையுமே நம்பியுள்ளது. கேழ்வரகோடு விதைத்த துவரையும் மொச்சையும் பூக்கும் வேளையில் மழை பொய்த்தால், பூவோடு சேர்ந்து தவணைக்கு வைத்த நம்பிக்கையும் உதிர்கிறது.

பூ உதிர்வது ஏன்? மண் காய்ந்ததும் செடியில் அப்சிசிக் அமிலம் மிகுந்து இலைத்துளைகள் மூடுகின்றன, நீர் காக்கப்படுகிறது. ஆனால் பூக்காம்பில் ஆக்சின் குறைந்து, எத்திலீன் மேலோங்குவதால் காம்பு கழல்கிறது. நாப்தலீன் அசிட்டிக் அமிலம் ஒரு செயற்கை ஆக்சின். அது காம்பு கழல்வதைத் தடுக்கிறது. சாலிசிலிக் அமிலம் செடியின் தற்காப்பைத் தூண்டுகிறது.

உளுந்து, பாசிப்பயறுக்கு லிட்டருக்கு முன்னது 40 மில்லிகிராம், பின்னது 100 மில்லிகிராம் எனக் கலந்து, பூக்கும் முன் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 200 லிட்டர் நீருக்கு 8 கிராமும் 20 கிராமும் போதும். அளவு மிஞ்சினால் ஆக்சினே பூவை உதிர்த்துவிடும். ஆகவே புட்டியில் அச்சிட்ட விழுக்காட்டைப் படித்தே அளத்தல் வேண்டும். துவரை, மொச்சைக்குரிய அளவை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறிக.

தெளிப்பு மழைக்கு மாற்றன்று; காப்பீட்டுக்கும் மாற்றன்று. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட காரிப் பருவப் பயறுக்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 விழுக்காடே. இடுபொருட் செலவைக் கிசான் கடன் அட்டையிலும், எதிர்பாராத இழப்பைக் காப்பீட்டிலும் சேர்த்தே திட்டமிடுமாறு நாங்கள் வலியுறுத்துகிறோம்.