கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

ஹிஜ்ரி 1439-ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தின் பிற்பகுதி. ஆங்கிலக் கணக்கில் 2018 மே மாதம். மீஞ்சூரில் மஃரிபு தொழுகை முடித்துப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது நமது கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளை பிடிக்கும் கூட்டம் வடநாட்டிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது, நம் பக்கத்து ஊர்களில் சுற்றுகிறது, தாய்மார்களே எச்சரிக்கை என்று ஒரு பெண் பதறிய குரலில் பேசியிருந்தார். அதை நமக்கு அனுப்பியவர் ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். பொய் பேசி நாம் கண்டதில்லை. இஷாவுக்குப் பாங்கு சொல்வதற்குள் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டோம்: ஒன்று குடும்பக் குழு, ஒன்று மஹல்லாக் குழு, மற்றொன்று நம்மோடு மத்ரஸாவில் ஓதியவர்களின் குழு. குரலுக்குரிய அந்தப் பெண் யார், காணாமல் போன பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி நமக்கு எழவேயில்லை. ஹதீஸ் கலையை ஆண்டுக்கணக்கில் ஓதிய நமக்கே எழவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அதே மாதம் 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குக் காரில் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரே திரண்டு அடித்ததில் அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் இறந்துபோனார். அந்தச் செய்தி அடங்குவதற்குள் அடுத்த செய்தி நமது திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே வந்தது. பழவேற்காட்டில் ஒரு மனிதரை அதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காடு தூரமில்லை. நாம் அனுப்பிய குரல் பதிவு அந்த ஊர்க் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இவ்விஷயத்தில் நம்மவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தை. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது அதன் கருத்து. ஆனால் இங்கேதான் நமது மனம் ஒரு சந்து தேடுகிறது. 'எனக்கு அனுப்பியவர் தீயவர் அல்லவே! நல்ல மனிதராயிற்றே!' என்கிறது. ஆகவே வாசக நேயர்கள் இத்துடன் மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் மனைவியரை விட்டு ஒரு மாத காலம் விலகி, மேலறை ஒன்றில் தனித்துத் தங்கினார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு மதீனாவின் மேட்டுப் பகுதியில் அன்ஸாரித் தோழர் ஒருவர் அண்டை வீட்டார். இருவரும் முறை வைத்து நபியவர்களின் சபைக்குச் சென்று, அன்றைய செய்தியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஓர் இரவு அந்த அன்ஸாரி வந்து கதவைப் படபடவென்று தட்டினார். கஸ்ஸானியர் படையெடுத்து வந்துவிட்டார்களா என்று உமர் (ரலி) கேட்க, அதைவிடப் பெரியது, நபியவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். விடிந்ததும் உமர் (ரலி) தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். அழுதுகொண்டிருந்த அவர்கள் தமக்குத் தெரியாது என்றார்கள். பள்ளிக்கு வந்தால் மிம்பரைச் சுற்றிச் சிலர் அமர்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள்!

இந்தக் காட்சியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். செய்தி சொன்னவர் ஸஹாபி. அழுதவர்களும் ஸஹாபாக்கள். ஒருவரிடமும் பொய்யில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நபியவர்கள் மேலறையில் தனித்திருப்பது எல்லாரும் கண்ட உண்மை. தலாக் என்பது மட்டும் யாரோ செய்த ஊகம். கண்டதோடு ஊகம் ஒட்டிக்கொண்டு ஒரே செய்தியாகிவிட்டது. ஒருவர் அழுவதைக் கண்டு மற்றவர் அழுதார். அந்த அழுகையே சாட்சியாகிவிட்டது. உமர் (ரலி) ஒருவர்தாம் படியேறிப் போனார்கள். உள்ளே வர இருமுறை அனுமதி கேட்டும் பதில் இல்லை, மூன்றாம் முறை கிடைத்தது. தலாக் சொல்லிவிட்டீர்களா என்று நேரே கேட்க, 'இல்லை' என்றார்கள் நபியவர்கள். உமர் (ரலி) பள்ளியின் வாசலில் நின்று உரத்த குரலில் மறுப்பை அறிவித்ததாகவும், பயமோ பாதுகாப்போ பற்றிய செய்தி வந்தவுடன் பரப்பிவிடாமல் தூதரிடமும் பொறுப்பாளர்களிடமும் கொண்டுபோக வேண்டும் என்று போதிக்கும் 'அந்நிஸா' அத்தியாயத்தின் 83-ஆவது வசனம் அப்போதுதான் இறங்கியதாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

ஆக, அனுப்பியவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. பழவேற்காட்டிலும் ஓர் அந்நிய மனிதர் தெருவில் நடந்தது கண்ட உண்மை. பிள்ளை பிடிப்பவர் என்பது கைப்பேசி ஒட்டிவிட்ட ஊகம்.

கைப்பேசி இதில் புதிதாகச் செய்தது என்ன? ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், மத்தனை வைத்துக்கொண்டு சனதை அறுத்துவிட்டது. செய்தி அட்சரம் பிசகாமல் வருகிறது; அதை யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலி வருவதில்லை. முதல் அறிவிப்பாளர் மஜ்ஹூல், அதாவது இன்னாரென்று அறியப்படாதவர். ஒரு ஹதீஸின் சனதில் இப்படி ஒருவர் இருந்தால் அதை ஏற்கத் தயங்குகிறோம். ஒரு மனிதனின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தியைத் தயங்காமல் அனுப்புகிறோம்.

சில வேளை மத்தனும் முழுமையாக வருவதில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி ஒன்று அந்த ஆண்டு இந்தியாவெங்கும் சுற்றியது. அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று அறிவிக்கும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

இன்னொரு மயக்கமும் உண்டு. மாமியும் அனுப்புகிறார், பக்கத்து வீட்டாரும் அனுப்புகிறார், மஹல்லாக் குழுவிலும் வருகிறது. இத்தனை பேருமா தவறாகச் சொல்வார்கள் என்று நமது வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். (ஆண்களும்தான்!) இதை 'முதவாத்திர்' என்று எண்ணிவிடக் கூடாது. பலர் தனித்தனியே கண்டோ கேட்டோ அறிவித்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தப் பெருக்கம் குறையாமல் இருந்தால்தான் அது முதவாத்திர். ஒருவர் சொன்னதை ஆயிரம் பேர் படியெடுத்தாலும் அது ஒருவர் சொன்னதே.

பழங்காலத்திலும் இது இல்லாமலில்லை. மதீனாவின் ஷைகு அஹ்மது என்பவர் கண்ட கனவு என்று ஒரு பிரசுரம் முஸ்லிம் நாடுகளெங்கும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றியது. படியெடுத்துப் பரப்புபவருக்குச் செல்வம், நம்பாதவருக்குக் கேடு என்று மிரட்டும் அந்தப் பிரசுரம் கட்டுக்கதை என்று ஷைகு இப்னு பாஸ் அவர்கள் மறுப்பு எழுதினார்கள். ஆயினும் அன்று படியெடுக்கக் கை வலித்தது, அச்சிடக் காசு செலவாயிற்று. இன்று விரல் நுனி போதும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை இந்தியாவில் ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 'இது பிறரிடமிருந்து வந்து அனுப்பப்பட்டது' என்ற குறியையும் சேர்த்தது. அந்தக் குறி சங்கிலி உண்டு என்று சொல்கிறதே தவிர, சங்கிலியில் யார் யார் என்று சொல்வதில்லை.

2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சம்பந்தமில்லாத காட்சிகள் வட மாநிலங்களில் பரவின. விசாரிக்கப் பீகார் அரசே ஒரு குழுவை இங்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நம் பகுதித் துறைமுகங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் உழைக்கும் வடநாட்டுச் சகோதரர்கள் நம்மோடு ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். 2018-இல் நாம் பரப்பிய குரல் பதிவு குற்றம் சுமத்தியது இவர்களைப் போன்றவர்களைத்தான்.

அறியாமல் அனுப்பிவிட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அல்லாஹ்விடம் தவ்பாச் செய்வதோடு, எங்கே அனுப்பினாரோ அங்கேயே மறுப்பையும் அனுப்ப வேண்டும். உமர் (ரலி) அவர்கள் மறுப்பை அறிவித்தது மக்கள் அழுதுகொண்டிருந்த அதே பள்ளியின் வாசலில்தான் என்பதைக் கவனிக்க. பழவேற்காட்டுச் செய்தி வந்த அன்று நாமும் மூன்று குழுக்களிலும் எழுதினோம். மஹல்லாக் குழுவில் ஒரு பெரியவர், ஏற்கெனவே பதினைந்து பேருக்கு அனுப்பிவிட்டேனே ஹஜ்ரத் என்றார். அந்தப் பதினைந்து பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேசச் சொன்னோம். லுஹருக்குள் பதினொரு பேரிடம் பேசிவிட்டதாக வந்து சொன்னார். மற்ற நால்வர் யார் என்று அவருக்கு நினைவில்லை.