முதலில் எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படி

அன்புள்ள கயல்,

கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். உன் ஆர்வம் எனக்கு மெத்தப் பிடித்திருக்கிறது. ஆனால் பயாசுக்குள் போவதற்கு முன், நீ அனுப்பிய எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) லேபிள் படத்தை இன்னொரு முறை பார். 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிடு. கீழே கட்டத்துக்குள், +12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்பியர் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கையெல்லாம் சேர்த்துத்தான் 450 என்று காட்டுகிறார்கள். இன்றைய கம்ப்யூட்டர் அவற்றை அதிகம் தொடுவதில்லை.

உன் ரைசன் 5 3600-ஐ 65 வாட் பிராசசர் என்பார்கள். முழு வேலையில் 88 வாட் வரை எடுக்க ஏ.எம்.டி.யே இடம் கொடுத்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு 75 வாட். மதர்போர்டு, ராம், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 190-ஐ ஒட்டி வந்துவிடும். ஒன்றும் செய்யாமலே நீ விளிம்பில் நிற்கிறாய்.

பிராசசரின் மின்தேவை வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்ட்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் கூட்டினால் தேவை 33 சதவீதம் கூடிவிடும். 88 வாட் 117 ஆகும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கேம் ஆடும்போது சுமை தாங்காமல் 12 வோல்ட் இறங்கி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பிராசசருக்கு வோல்ட்டேஜ் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். சுமை கூடும், 12 வோல்ட் மேலும் இறங்கும், மறுபடி ரீஸ்டார்ட். நீலத்திரை வந்தாலோ பிராசசரைச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் பிழை காட்டினாலோ பிராசசர் அமைப்பைச் சந்தேகப்படு. எந்த அறிகுறியும் இல்லாமல் சட்டென்று அணைந்தால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படு.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். உபரியாக இருக்கும் நான்கு முள் மோலெக்ஸ் கனெக்டரில் சிவப்பு முனையை மஞ்சள் ஒயரிலும், கருப்பு முனையைக் கருப்பு ஒயரிலும் வை. முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. சும்மா இருக்கும்போது 12-ஐ ஒட்டிக் காட்டும். பிறகு பிரைம்95-ஐயும் ஒரு கேமையும் சேர்த்து ஓடவிட்டுப் பார். உன்னுடையது போன்ற எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஏ.டி.எக்ஸ். விதிப்படி கீழ் வரம்பு 11.4 வோல்ட். அதை நெருங்கினாலே நிறுத்திவிடு. சாஃப்ட்வேர் காட்டும் எண்ணை நம்பாதே. மதர்போர்டு சென்சார் சில சமயம் தவறாகக் காட்டும்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். சுமை மீறினால் தானே அணைந்துகொள்ளும். மலிவானவற்றில் அந்தப் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். மே மாத வெயிலில் உன் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். என்ன ஆனாலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. பயாசில், ராமை அதன் லேபிளில் உள்ள வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய். 3200 ராம் வாங்கிவிட்டு 2400-ல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ரைசனுக்கு ராம் வேகம் நன்றாகவே கைகொடுக்கும். அடுத்து பிராசசரின் வோல்ட்டேஜைக் குறைத்துப் பழகு. அதே வர்க்கக் கணக்கு இப்போது உனக்குச் சாதகம்: ஐந்து சதவீதம் குறைத்தால், வேகம் மாறாமலே மின்தேவை பத்து சதவீதம் அளவுக்கு இறங்கும். ஓவர்கிளாக் செய்பவருக்கு வேண்டிய பொறுமையும் சோதனை முறையும் இதிலேயே வந்துவிடும்.

சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் புது கூலர் வாங்காதே. 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் தரும் தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கு. வேகத்தை அப்புறம் ஏற்றலாம்.

அன்புடன்,
மாமா