நுரையீரல் புற்றுநோய்: மரபணுவைப் பார்த்து மருந்து

இந்த முறை அறிவியல் பகுதியில் நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பார்ப்போம்.

"பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்குத்தான் அது வரும்" என்று எல்லோரும் சொல்கிறோம். புகைதான் முக்கியக் காரணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களைப் பார்த்து "என்ன பாவம் செஞ்சாங்களோ" என்று பேசுவது ரொம்பத் தப்பு. ஏன் என்று கீழே படியுங்கள்.

மரபணு என்றால் என்ன?

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சுலபம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் வரிசையாகக் கோத்த அட்டைகள், அட்டையில் ஓட்டைகள். ஓட்டை எங்கே இருக்கிறதோ அதன்படி பாவு நூல் எழும்பும், சேலையில் மயிலோ மாங்காயோ விழும். நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வும் அப்படி ஓர் அட்டைக் கோவைதான். அதில் ஒரு பகுதி ஒரு மரபணு. அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. ஓர் ஓட்டை தப்பாக விழுந்தால், அந்த அட்டை வரும்போதெல்லாம் சேலையில் அதே பிழை வரும். மரபணுவில் இப்படிப் பிழை விழுவதுதான் மரபணு மாற்றம்.

நிற்காத ஸ்விட்ச்

இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேல்பரப்பில் உள்ள ஒரு புரதம். வெளியிலிருந்து செய்தி வந்தால் "பெருகு" என்று செல்லுக்குச் சொல்லும். செய்தி நின்றால் தானும் நிற்கும், ஸ்விட்ச் மாதிரி. இதில் 858-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே ஆர்ஜினின் வந்து உட்கார்ந்துவிட்டால் ஸ்விட்ச் அணையாது. செல் பெருகிக்கொண்டே போய்க் கட்டியாகும். இந்த மாற்றம் பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை, பிற்பாடு கட்டியின் செல்களில் உண்டாவது. ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும்தான் இது அதிகமாகக் காணப்படுகிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

கீமோதெரபி மருந்து வேகமாகப் பெருகும் எல்லாச் செல்களையும் தாக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது. ஜெஃபிடினிப் மாத்திரையோ அந்தப் பிழையான ஸ்விட்சில் போய் உட்கார்ந்து அதை அணைக்கும். 2003-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது சிலருக்கு மட்டும் அதிசயமாகக் கேட்டது, பலருக்குக் கேட்கவே இல்லை. காரணம் 2004-ல்தான் தெரிந்தது: நன்றாகக் கேட்டவர்களின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது! அதனால் இப்போது கட்டியில் துளி சதையோ ரத்தமோ எடுத்து, மரபணுவைச் சோதித்த பிறகே மாத்திரை தருகிறார்கள். 2007-ல் ஜப்பானில் ஏ.எல்.கே. என்ற இன்னொரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வேறு மாத்திரை.

ஆனாலும் நோய் பரவிய பின் இந்த மாத்திரை முழுதாகக் குணமாக்குவது அரிது. கட்டியும் சும்மா இருக்காது. 790-வது இடத்தில் புதுப் பிழை வந்தால் பழைய மாத்திரை கேட்காது. அதற்காக ஒசிமெர்டினிப் 2015-ல் வந்தது.

நம் நாட்டில்

மும்பை டாடா நினைவு மருத்துவமனை இந்த மாற்றம் உள்ள 350 பேரிடம் ஆய்வு செய்தது. நோய் வளராமல் அடங்கியிருந்த காலத்தின் இடைநிலை அளவு (கணக்கில் படிக்கிறோமே, அதேதான்) ஜெஃபிடினிப் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 8 மாதம், கீமோவும் சேர்த்தவர்களுக்கு 16 மாதம். ஆனால் சேர்த்தவர்களுக்குப் பக்கவிளைவும் அதிகம்.

விலை? 2008-ல் எர்லோடினிப் மாத்திரை ஒன்று ரோச் கம்பெனியிடம் 4,800 ரூபாய், சிப்லாவிடம் 1,600 ரூபாய். பட்டுத்தறிக் கூலியில் வாழும் குடும்பம் இதை எப்படி வாங்கும், யோசித்துப் பாருங்கள். பிறகு பல இந்தியக் கம்பெனிகள் செய்ய ஆரம்பித்ததால் விலை இறங்கியது.

நம்ம ஊரில்

நம் ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 3.2.1969 அன்று காலமானார். 1968-ல் நியூயார்க் வரை போய் அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் பெயரில்தான் காரைப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸில் தாண்டிப் போகும்போது பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், அது உயிர் காக்கும் இடம்.

நாம் செய்ய வேண்டியது

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியில் ரத்தமா? உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போகச் சொல்லுங்கள். காச நோயா, வேறு நோயா என்று டாக்டர் பார்ப்பார்.
2. காச நோய் மாத்திரை சாப்பிட்டும் இருமல் குறையாவிட்டால் மறுபடி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.
3. புற்றுநோய் என்று தெரிந்தால் "மரபணு சோதனை செய்யணுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படக் கூடாது.
4. பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் பாட்டி இருமினால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி